பேப்பர் போடாத கேப்டன்

சிறுசேரி சிப்காட் பக்கம் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். டர்ஃப் விளக்கு வெளிச்சத்தில் லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் என்று ஜெர்சி ஜெர்சியாக ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் என்பது முதல் ஏழு நிமிஷம்தான். அப்புறம் இடுப்பில் கைவைத்து நின்று, மூச்சு வாங்கியபடி அடுத்தவனைத் திட்டும் படலம். முதுகில் ‘ஜெரார்டு 8’ என்று போட்டிருக்கும் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தால், “சின்ன வயசுலேர்ந்தே லிவர்பூல்தான் சார், உயிரு” என்பார். அவருடைய சின்ன வயது முழுக்கப் பெருங்களத்தூரில் கழிந்தது. ரயிலில் தாண்டிய அதிகபட்ச தூரம் பீச் ஸ்டேஷன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறந்த ஊர் கிளப்பில் சிறுவனாகச் சேர்ந்து, அதற்கே கேப்டனாகி, காலம் பூராவும் அங்கேயே இருந்தவன் என்றால் யாருக்கும் நெஞ்சு உருகும். அதிலும் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை பேப்பர் போட்டு நாற்பது பர்சென்ட் ஹைக் வாங்குகிற நமக்கு ரொம்பவே உருகும். என்ன, அந்த ஜெரார்டே 2015-ல் பேப்பர் போட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார்.

கடைசி வரை பேப்பரே போடாத ஒரு கேப்டன் நம் நாட்டில் இருந்தார். சுபிமல் கோஸ்வாமி. அந்தப் பெயரைச் சொன்னால் கல்கத்தாவிலேயே ‘யாரது?’ என்பார்கள். சுனி கோஸ்வாமி என்றால் டாக்ஸிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் பேசுவார், மீட்டர் ஓடும்.

1946-ல், எட்டு வயதில், மோகன் பகான் கிளப்பின் ஜூனியர் டீமில் சேர்ந்தார். 1954-ல் சீனியர் டீம். 1960 முதல் 1964 வரை கேப்டன். 1968-ல் ஓய்வு. இருபத்திரண்டு வருஷம், ஒரே கிளப். ரெஸ்யூமேயில் ‘முன்னனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத ஒரே ஒரு வரி. நம் ஓ.எம்.ஆர். எச்.ஆர். அம்மணி அதைப் பார்த்தால், “ஏன் சார், வேற யாருமே கூப்பிடலையா?” என்று பரிதாபமாகக் கேட்பார்.

கூப்பிட்டார்கள். அதுதான் கதையே. ஆனால் அதற்கு முன்னால், இந்த விசுவாசத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். தோண்டினால் மீன் வாடை வரும், எச்சரிக்கிறேன்.

கல்கத்தாவில் இரண்டு ஜாதிதான்: மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் 1889-ல் பிறந்த பெரிய வீட்டுப் பிள்ளை. 1911-ல் வெறுங்காலோடு ஆடி (ஒரே ஒருத்தர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார்), ஈஸ்ட் யார்க்‌ஷையர் ரெஜிமெண்டைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிய பெருமை அதற்கு உண்டு. ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920-ல், ஒரு கோபத்தில். மோகன் பகானுக்கு எதிரான மேட்சில் ஜோராபகான் என்ற கிளப், தன் கிழக்கு வங்காள ஆட்டக்காரர் ஒருவரை உட்கார வைத்துவிட்டது. அந்தக் கிளப்பிலேயே இருந்த ஜமீன்தார் சுரேஷ் சந்திர சௌத்ரிக்கு ரத்தம் கொதித்தது. வெளியே வந்தார், தனிக் கிளப் ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் இப்படிக் கோபித்துக்கொண்டு வெளியே வந்தால் கட்சி ஆரம்பிப்பார்கள். அவர்கள் பந்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதிலிருந்து கணக்கு சுத்தம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பமா? ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன். மேற்கு வங்காளப் பூர்வீகமா? மோகன் பகான் ஜெயித்தால் இறால். மேட்ச் முடிந்த சாயங்காலம் மார்க்கெட்டில் எந்த மீனின் விலை எகிறியிருக்கிறது என்று பார்த்தே ஸ்கோரைத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் கிளப் பார்த்த வீடுகள் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. மோகன் பகானின் மானசீகப் புத்திரன், இறால் கோஷ்டியின் தலைமகன், நம் சுனி எங்கே பிறந்தார்? கிஷோர்கஞ்ச். அது எங்கே இருக்கிறது? இன்றைய பங்களாதேஷில். அதாவது அசல் அக்மார்க் கிழக்கு வங்காளம்! ஹில்சா சாப்பிட வேண்டிய பிள்ளை, எட்டு வயதில் இறால் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை.

சரி, அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலில் யார் இருந்தார்கள்? கிழக்கு வங்காளத்து ரத்தமா? 1949 முதல் 1953 வரை அந்தக் கிளப்பைத் தூக்கி நிறுத்திய முன்வரிசையைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகள் இன்றும் கும்பிடுகிறார்கள். பெயர்களைப் படிக்கிறேன், கேளுங்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள்! பத்மா நதியை மேப்பில்கூடப் பார்த்திராதவர்கள் கிழக்கு வங்காளத்தின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1961-ல் ஈஸ்ட் பெங்காலுக்குக் கேப்டன், துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கத்து அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆக அந்த வருஷ டெர்பியில் மோகன் பகான் கேப்டன் ஒரு கிழக்கு வங்காளி, ஈஸ்ட் பெங்கால் கேப்டன் ஒரு தமிழர். கேலரியில் இரண்டு தரப்பும் ‘மண்ணின் மைந்தன்’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எந்த மண் என்று யாரும் கேட்கவில்லை.

சுனி கேப்டனாக இருந்த ஐந்து வருஷத்தில் மோகன் பகான் கல்கத்தா லீக்கை நான்கு தடவை வென்றது: 1960, 62, 63, 64. நடுவில் ஒரே ஒரு வருஷம் ஓட்டை விழுந்தது. 1961. ஆமாம், நம்ம பலராம்தான்.

ஆட்டம் எப்படி என்கிறீர்களா? சுனி ஆடிய இடத்துக்கு அந்தக் காலத்தில் ‘இன்சைட் லெஃப்ட்’ என்று பெயர். முன்வரிசையில் ஐந்து பேர் நிற்கிற காலம் அது. அந்த ஐந்தில் கொஞ்சம் பின்னால் இறங்கி, பந்தை வாங்கி, நாலு பேரை ஏமாற்றி, ஐந்தாமவனுக்குக் கொடுக்கிற உத்தியோகம். இன்றைக்கு அதே வேலைக்கு அட்டாக்கிங் மிட்ஃபீல்டர் என்று பெயர் சூட்டி, டி.வி.யில் வட்டம் அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்குகிறார்கள். சுனிக்குப் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். இடுப்பை இந்தப் பக்கம் ஒடித்து அந்தப் பக்கம் போய்விடுவார். எதிராளி இந்தப் பக்கமே போயிருப்பார். ஆள் வேறு லட்சணமாக இருப்பார், உடுப்பு மடிப்புக் கலையாது, அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

இந்த மாதிரி ஆளைப் போட்டிக் கம்பெனி சும்மா விடுமா? அந்தக் காலத்துக் கல்கத்தாவில் ரெக்ரூட்மெண்ட் முறையே அலாதி. வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் சீசன் வரும். ஆட்டக்காரர் ஐ.எஃப்.ஏ. ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் இன்னொரு கிளப் அவரை மடக்கிவிடக் கூடாதே என்று கிளப்காரர்கள் ஆட்டக்காரரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், யாரோ ஒரு ஆதரவாளர் வீட்டு மாடியில் அடைத்துவைத்து, மூன்று வேளையும் மீன் குழம்பு போட்டுக் காவல் காப்பார்கள். இப்போது லிங்க்டுஇன்னில் ‘ஹாய்’ என்று ஒரு மெசேஜ் வந்தாலே நாம் பிரைவசி போச்சு என்கிறோம்.

ஈஸ்ட் பெங்காலின் ஜே.சி. குஹா இந்தக் கலையில் துரோணாச்சாரியார். பஞ்ச பாண்டவரைத் தெற்கேயிருந்து பிடித்துக்கொண்டு வந்தவரே அவர்தான். அவர் சுனிக்கு ஒரு ஃபியட் கார் தருவதாகத் தூது விட்டார் என்று கல்கத்தா மைதானத்தில் இன்றும் சொல்கிறார்கள். அறுபதுகளில் ஃபியட் என்றால் என்னவென்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அவர். அப்படிப்பட்ட வண்டியை சுனி வேண்டாம் என்றாராம். ஆபீஸ் பஸ்ஸில் ஏ.சி. போடவில்லை என்பதற்காகவே கம்பெனி மாறியவர்கள், இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

இதற்கு மேல் ஆன்சைட் ஆஃபரும் வந்தது. லண்டன், டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர்! 1961-ல் லீக், கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் அடித்த பில் நிக்கல்சனின் டாட்டன்ஹாம். ‘வந்து ட்ரயல் கொடுங்கள்’ என்று அழைத்ததாகவும், சுனி போகவில்லை என்றும் அவரைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் எழுதிவிட்டார்கள். எழுதும்போதெல்லாம் ஒரு பெருமூச்சும் சேர்த்தே எழுதுகிறார்கள். தாய்க் கழகத்துக்காக லண்டனையே உதறிய தியாகி!

நில்லுங்கள். தியாகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1961 ஜனவரி வரை இங்கிலாந்து லீக்கில் எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் உச்சவரம்புச் சம்பளம் வாரத்துக்கு 20 பவுண்டு. அந்த வரம்பு போனபிறகு பணம் கொஞ்சம் ஏறியது, வாஸ்தவம். ஆனால் டிசம்பர் மாதமே ஜிம்மி கிரீவ்ஸ் என்ற மகானுபாவர் அதே டாட்டன்ஹாமின் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். சுனி போயிருந்தால் குளிரில், மழையில், அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு, ரிசர்வ் டீமில் வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே? மைதானத்துக்குள் நுழைந்தால் பல்லாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். வயிற்றுக்கு ஸ்டேட் பேங்க் உத்தியோகம் இருக்கிறது. சாயங்காலம் சவுத் கிளப்பில் டென்னிஸ். நான் சொல்கிறேன், அந்த ஆஃபரை மறுத்தது தியாகம் இல்லை, நல்ல புத்தி. மகாராஜாவை யாராவது டிரெய்னியாகக் கூப்பிடுவார்களா?

அவர் மனதார மோகன் பகானை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மோகன் பகானும் அவரை நேசித்தது. ஒருவரை ஒருவர் இப்படிக் கொஞ்சிக்கொண்டிருக்கும் இடத்தைவிட்டு மனிதன் எதற்குக் கிளம்ப வேண்டும்?

இனி ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு. இந்திய அணிக்குக் கேப்டன் சுனி, கோச் சையத் அப்துல் ரஹீம். முன்வரிசையில் பி.கே. பானர்ஜி, சுனி, பலராம். மூன்று பேரும் ஒன்றாக ஓடினால் பார்க்கக் கண் கோடி வேண்டும். முதல் மேட்ச் தென் கொரியாவோடு. 0-2 தோல்வி. கோடிக் கண்ணும் கலங்கியது.

அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து மேட்சில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். நீங்களோ நானோ மெடிக்கல் லீவு போடுவோம். ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? தையலோடு அவரைக் கொண்டுபோய் ஃபார்வர்டில் நிறுத்தினார்! செமி ஃபைனலில் தென் வியட்நாமை 3-2 என்று முடித்தார்கள். மூன்றில் இரண்டு சுனியுடையது, ஒன்று அந்த உடைந்த மண்டைக்காரருடையது.

இதற்குள் மைதானத்துக்கு வெளியே வேறொரு மேட்ச் நடந்துகொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. ஆசிய விளையாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான நம்மூர் ஜி.டி. சோந்தி, ‘அப்படியானால் இதை ஏசியன் கேம்ஸ் என்றே சொல்லக் கூடாது’ என்று சட்டம் பேசிவிட்டார். சொன்னது நியாயம்தான். சொன்ன இடம் ஜகார்த்தா. இந்தியத் தூதரகத்துக்குள் கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியது, செப்டம்பர் 3. ஃபுட்பால் ஃபைனல் எப்போது? செப்டம்பர் 4. பெரிய மனிதர்கள் பேசினால் பஸ்ஸில் போகிறவன்தான் கல்லடி வாங்க வேண்டும். தலைப்பாகையைப் பார்த்து இந்தியன் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று ஜர்னைல் சிங்கை பஸ் தரையில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள் என்று அந்த டீமின் ஆட்கள் பிற்பாடு கதை சொன்னதுண்டு. தங்க மெடல் வாங்கப் போகிற ஊர்வலம் இது!

ஃபைனலுக்கு முந்தின ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. சுனியும் தோழர்களும் வெளியே உலாத்திக்கொண்டிருக்க, எதிரே ரஹீம் வருகிறார். அவருக்கும் தூக்கம் இல்லை. ‘நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கம் வேண்டும்’ என்ற பாணியில் ஏதோ கேட்டாராம். அந்த மனிதரின் உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஜூனில் போய்ச்சேர்ந்தார். இந்த இடத்தில் என்னால் கிண்டல் பண்ண முடியவில்லை, விட்டுவிடுகிறேன்.

மறுநாள் ஸ்டேடியம் முழுக்க எதிர்க்கூச்சல். தேசிய கீதத்துக்கே ஊளை. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் யார் என்றால், பாகிஸ்தான் ஹாக்கி டீமாம்! வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபேக் என்று டெலீட் பண்ணியிருப்பீர்கள், ஆனால் ஆடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பி.கே. ஒரு கோல். உடைந்த மண்டை இன்னொரு கோல். கோல் கம்பத்துக்கு நடுவில் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் தயாரிப்பான பீட்டர் தங்கராஜ், சுவர் மாதிரி. கொரியா கடைசியில் ஒன்று போட்டது. 2-1. தங்கம். முதல் மேட்சில் நம்மை அடித்த அதே தென் கொரியா.

கேப்டன் சுனிக்கு அப்போது வயது 24. அந்த ஃபைனலில் அவர் கோல் போடவில்லை. மெடல் வாங்கிய போட்டோவில் கோல் போட்டவன் யார் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? டீம் லீடுகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அறுபத்திரண்டு வருஷம் கழித்து இந்தக் கதையை ‘மைதான்’ என்று படமாக எடுத்தார்கள். அஜய் தேவ்கன் நடித்தது யாராக? கோச்சாக! கேப்டன் அங்கே துணை நடிகர். போட்டோ எடுத்தது அவர் முகத்தை, போஸ்டர் ஒட்டியது இன்னொருவர் முகத்தை.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாவது இடம். இன்று வரை நம் அதிகபட்ச சாதனை அதுதான். கேப்டன் சுனி. கேட்கும்போதே மார்பு விம்முகிறதா? கொஞ்சம் அடக்குங்கள். போட்டி நடந்தது இஸ்ரேலில், அதனால் பாதிக்கு மேற்பட்ட நாடுகள் வரமாட்டோம் என்றுவிட்டன. நம் பிரிவில் இருந்த அத்தனை பேரும் விலகியதால் இந்தியா ஒரு மேட்ச்கூட ஆடாமல் தகுதி பெற்றது. கடைசியில் வந்து சேர்ந்தது மொத்தம் நான்கே டீம். அதில் இரண்டாவது. தென் கொரியாவையும் ஹாங்காங்கையும் நிஜமாகவே அடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கல்கத்தாவிலிருந்து ஆட்டோ வரும்.

அந்த வருஷத்தோடு சர்வதேச ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். வயது 26. நம் ஊரில் அந்த வயதில்தான் அரியர் எல்லாம் கிளியர் பண்ணிவிட்டு முதல் வேலைக்குப் போகிறார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், இன்னொரு டிபார்ட்மெண்ட் காலியாக இருந்தது: கிரிக்கெட். வங்காளத்துக்காக ரஞ்சி ஆடினார். சும்மா டிஃபன் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போகிற ஆளாக அல்ல. 1966-ல் சோபர்ஸ் தலைமையில் இந்தியா வந்திருந்த வெஸ்ட் இண்டீஸை இந்தூரில் மத்திய, கிழக்கு மண்டலக் கூட்டணி இன்னிங்ஸ் வித்தியாசத்தில் கவிழ்த்தது. அதில் சுனிக்கு எட்டு விக்கெட். கால்பந்துக் கேப்டன் மீடியம் பேஸ் போட்டு வெஸ்ட் இண்டீஸ்காரர்களைச் சாய்க்கிறார்! அவர்களுக்கே யார் இந்த ஆள் என்று புரிந்திருக்காது.

1968-69 ரஞ்சி ஃபைனலில் பம்பாய்க்கு எதிராக 96-ம் 84-ம் அடித்தார். இரண்டு இன்னிங்ஸிலும் வாசல் வரை போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். கோப்பை பம்பாய்க்கு. 1971-72-ல் வங்காளத்துக்கு அவரே கேப்டன், மறுபடியும் ஃபைனல், மறுபடியும் பம்பாய், மறுபடியும் பம்பாய்க்கே கோப்பை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பதினைந்து வருஷம் தொடர்ந்து அவர்கள்தான் வைத்திருந்தார்கள். எத்தனை டிஃபெண்டர்களை இடுப்பை ஒடித்து ஏமாற்றியவர்! பம்பாய்க்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மரியாதைகளுக்குக் குறைவில்லை. 1963-ல் அர்ஜுனா, 1983-ல் பத்மஸ்ரீ, 2005-ல் கல்கத்தா ஷெரிஃப். ஷெரிஃப் என்றதும் இடுப்பில் துப்பாக்கி, குதிரை என்று கற்பனை பண்ணாதீர்கள். மெட்ராஸிலும் ஒரு காலத்தில் இருந்த பதவிதான். அதிகாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விழாக்களில் முன்வரிசை நாற்காலி உண்டு. பி.கே.வுக்கும் 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. மூவரில் மூன்றாமவர், ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்ட நம் பலராமுக்கு அர்ஜுனாவோடு சரி. 2023-ல் சாகும் வரை பத்மா வரவே இல்லை. ஒரே கிளப்பில் இருந்ததற்காக ஒருவரைக் கொண்டாடுகிறோம். வேற்றூரிலிருந்து வந்து, நமக்காக முட்டியைத் தேய்த்தவனின் ஃபைல் மட்டும் எப்படித்தான் மேஜைக்கு அடியில் போய்விடுகிறதோ! ஓ.எம்.ஆரில் காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சுனி 2020 ஏப்ரல் 30 அன்று காலமானார். லாக்டவுன் நேரம். சாதாரண நாளாக இருந்தால் கல்கத்தாவே தெருவுக்கு வந்திருக்கும், அன்று ஊர் வீட்டுக்குள் இருந்தது. சரி, டி.வி.யாவது விடிய விடியச் சொல்லும் என்றால், அதே நாளில்தானா ரிஷி கபூரும் போக வேண்டும்? சேனல் சேனலாக அவர் ஆடிப்பாடிய பழைய பாட்டுகள். இடையில் யாராவது அந்த நியூஸ் எடிட்டர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம், ‘ப்ரதம் ப்ரேம்’ என்று ஒரு வங்காளப் படத்தில் சுனியும் நடித்திருக்கிறார் என்று.